போணி விதி

ஓஷ் சந்தையில் ஜூராகானின் கிண்ணக் கடையில் மட்டும் ஒரு மாதமாகப் பொழுது விடியவில்லை. பக்கத்தில் மமசாலியின் உலர்பழக் கடையில் பளீரென்று விழும் வெயில், இவள் வாசற்படியோடு நின்றுகொள்ளும். அந்த மாதம் கிண்ணம் அறுபது சோம், கெண்டி முந்நூறு.

கொழுந்தன் குபாத் விலைக்கு மென்பொருள் வைத்த நாளிலிருந்துதான் இப்படி. டஜன் எடுத்தால் தள்ளுபடி, மொத்த வியாபாரிக்கு இன்னும் கொஞ்சம், டாலர் ஏறினால் விலையேற்றம் என்று மென்பொருள்காரப் பையன் இல்கிஸ் விதிகளை அமைத்துக் கொடுத்திருந்தான். அதற்கு முன்பெல்லாம் காலையில் முதலில் வருபவர் கேட்ட விலைக்கே ஜூராகான் கொடுத்துவிடுவாள். அவர் தந்த நோட்டால் ஒவ்வொரு கெண்டியையும் தொடுவாள். இப்போதும் இரண்டொருவர் திரையில் சொன்ன விலைக்கு வாங்கத்தான் செய்தார்கள். அதைச் சந்தையில் யாரும் போணி என்று சொல்வதில்லை.

வசந்தப் புத்தாண்டான நோரூஸுக்குள் விடியாவிட்டால் கடையைக் கைபேசி விற்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாகக் குபாத் சொல்லிவிட்டான். புருஷன் போனபின் அவளுக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். இல்கிஸைக் கூப்பிட்டனுப்பினாள்.

“போணிக்குன்னு ஒரு விதி போடு.”

“எத்தனை சதவீதம் தள்ளுபடி, அக்கா?”

“வர்றவன் வாயில என்ன வருதோ அது.”

“சாஃப்ட்வேர்ல அப்படியெல்லாம் வராதுக்கா. ஒரு எண் போட்டே ஆகணும்.”

“உன் கல்யாணத்துக்குக் கிண்ணம் வாங்க விடிகாலையில வந்தியே. என்ன விலை கேட்ட?”

பாதி விலை கேட்டிருந்தான், கிடைத்தது. விலையைக் கையால் அடிக்க இடம் வைத்து விதியை எழுதினான். மறுநாள் வெளிச்சம் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. வரிசையில் கடைசியாகப் போட்டிருந்ததால் மேலே இருந்த விதிகள் அதை விழுங்கியிருந்தன.

“போணி எங்கயாவது கடைசியா வருமாடா?” என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினான். முதல் விற்பனை முடியும்வரை வேறு எந்த விதியும் வாய் திறக்கக் கூடாது என்றும் சேர்த்தான்.

நோரூஸுக்கு முந்தின நாள் காலையில் முதல் ஆளாக மமசாலி வந்தார். “இருட்டுல விக்கிற கிண்ணத்துக்கு இருபது சோம் போதும்மா,” என்று சிரித்தார். அவள் முகம் மாறாமல் இருபது என்று அடித்தாள். திரை ஒத்துக்கொண்டது. நோட்டை வாங்கி வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனாள். தொட்ட கெண்டியெல்லாம் துலங்கின. கடைசிக் கெண்டியைத் தொட்டதும் வெயில் பின்சுவர்வரை வந்து அமர்ந்தது. சந்தையே திரண்டு வந்து வாங்கியது. குபாத் கைபேசிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, “நகருங்க அண்ணி,” என்று பெட்டிகளைப் பிரிக்க உட்கார்ந்தான்.

அதன்பின் வந்த வருஷங்களில் இல்கிஸ் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த விதியைத்தான் முதலில் போடுகிறான். மழைநாளில் முதல் ஆள் வரத் தாமதமானால் ஜூராகான் கடையில் பொழுதும் தாமதமாகவே விடிகிறது. அதுவரை விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் தேநீர் குடிக்கிறாள்.