பெட்டியோடு வந்த விமானம்

ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஹெர்பர்ட் கிராணிக்கு, லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் நானூறு பேரின் பெயரும் மனப்பாடம். அந்த நானூறு பேரில் அவர் வீட்டுப் படியேறுகிறவன் ஒருத்தன்தான், ரப்பர் ஆலை ஃபிட்டர் பரஞ்சோதி. மனைவி ஜேன் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய வீட்டில் வாரத்தில் ஆறு நாள் ரேடியோ மட்டும்தான் பேசும்.

ஞாயிறு வேறு. சர்ச்சில் பூசை முடிந்து அவர் திரும்பியதும் பரஞ்சோதி வருவான். இருவரும் உட்கார்ந்து, எஞ்சின் வைத்துப் பறக்கவிடும் சின்ன விமானம் செய்வார்கள். நெட்டி போல் லேசான பல்சா கட்டையை அறுத்து, தேய்த்து, ஒட்டி, மேலே மெல்லிய தாளைப் போர்த்தி முடிக்க நாலு மாதம் ஆகும். பறப்பதோ ஆறே நிமிஷம்! இரண்டு கம்பியின் நுனியில், கைப்பிடியோடு நிற்பவரைச் சுற்றி வட்டமடிக்கும் வகை. தரையில் பிடித்திருந்து விட இன்னொருவர் வேண்டும். கடைசியாகச் செய்தது திடலில் மூக்கைக் குத்தித் தூள் தூளானது. மறுபடி முதலிலிருந்தா? வாரமெல்லாம் ஆலையில் மாடாய் உழைக்கிறவன், பாவம், என்று கிராணிக்கு மனசு கேட்கவில்லை.

அங்கேதான் மனுஷர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். பினாங்குக்குப் பஸ் ஏறிப் போய், எல்லாம் செய்து முடித்த பிளாஸ்டிக் விமானம் ஒன்றை வாங்கி வந்தார். எஞ்சின், கம்பி எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எண்ணெய் ஊற்றினால் போதும், பறக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே பறந்தது. காலை ஒன்பதரைக்கெல்லாம் வேலை முடிந்தது. பரஞ்சோதி கையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப நான் வரேன் கிராணி."

"சாப்டுட்டுப் போலாம்லா. மீன் கறி இருக்கு."

"இல்லீங்க. வேல இருந்தா சரி. வேல இல்லாம கிராணி வூட்ல உக்காந்திருந்தா, ஃபிட்டர் காக்கா புடிக்கிறான்னு லயத்துல பேசுவாங்க."

கிராணிக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் அவனை அந்த வீட்டில் உட்கார வைத்தது பல்சா கட்டைதான். அது இவருக்கு முன்பே தெரியாமல் போயிற்றே, அட கஷ்டமே!

அடுத்த இரண்டு ஞாயிறும் வந்தான், விமானத்தைப் பிடித்து விட்டான், போய்விட்டான். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு கிராணி தனியாகத் திடலுக்குப் போனார். பிடித்து விட ஆளில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இறக்கையை முழங்காலில் வைத்து முறித்தார். வேண்டுமென்றேதான் முறித்தார். ரிப்பேர் என்றால் வருவான் அல்லவா?

சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே நடந்தார். கிராணி லயத்துக்கு வந்தால் சும்மாவா? வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். பரஞ்சோதியின் பெண்டாட்டி மருதம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒடஞ்சி போச்சி பரஞ்சோதி. செய்யலாமா?"

அவன் முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "பிளாஸ்டிக்கு கிராணி. ஒட்டுனா நிக்காது. புதுசே ஒண்ணு வாங்கிருங்க."

"பழையபடி கட்டையில செய்வோமா?"

"ஞாயித்துக்கெழம ஆலை வேலைக்குப் பேர் குடுத்துட்டேங்க. இனிமே கிராணிக்கு நான் தேவையில்லன்னு நெனச்சேன்."

வேலை கிடக்கட்டும், நீ சும்மா வா என்று சொல்ல வாய்வரை வந்தது. லயமே பார்த்துக்கொண்டிருந்தது. பரஞ்சோதி, மருதம்மாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் போனால்தான் அவர்கள் உட்கார முடியும். சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.