தலைமையாசிரியை போட்ட எண்பத்தெட்டு

மகளுக்குக் கணக்கில் எண்பத்தெட்டு போட்ட அன்று அம்மாவுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. பெற்றவளே விடைத்தாளைத் திருத்தி நூற்றுக்கு நூறு போட்டால், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கல்லூரிக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா? மகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் பன்னிரண்டு வருஷம் வீட்டில் படிக்கவைத்தவள் அவள். தலைமையாசிரியை, கணக்கு டீச்சர், மணியடிக்கும் பியூன் எல்லாம் அவளேதான். மூன்று வாரம் உட்கார்ந்து விண்ணப்பத்துக்குப் பதினெட்டுப் பக்கம் தயாரித்தாள். அதில் பதினொன்று, தான் பாடம் நடத்தும் அழகைப் பற்றி.

"காலேஜ்ல சேரப்போறது யாரும்மா, நானா நீயா?" என்று மகள் கேட்டும் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

நேற்று எல்லாவற்றையும் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. இன்று மத்தியானம், வேறு வேலையில்லாமல் விதிமுறைகளைப் புரட்டியபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கட்டடக்கலை படிக்கக் கணக்கில் குறைந்தது தொண்ணூறு வேண்டுமாம். ஏழு வயதிலிருந்து அட்டைப்பெட்டியில் வீடு கட்டுகிற பெண் ஆசைப்பட்டது அந்த ஒரு படிப்புக்குத்தான். திருத்தம் செய்ய மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது.

சொந்தப் பிள்ளை வாயிலேயே மண்ணைப் போட்டுவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்தாயிற்று. எந்தத் தாய்க்கு இந்தச் சாமர்த்தியம் வரும்!

"தொண்ணூத்திரண்டுன்னு மாத்திடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மெதுவாக.

"சும்மா போட்ட மார்க் எனக்கு வேணாம். பேப்பரை எடும்மா, நான் மறுமதிப்பீடு கேக்கறேன்" என்றாள் மகள்.

பீரோவிலிருந்து விடைத்தாள் வந்தது. பன்னிரண்டு மார்க்கும் ஒரே கேள்வியில் போயிருந்தது. ஐந்து பேரை வட்ட மேசையைச் சுற்றி எத்தனை விதமாக உட்காரவைக்கலாம்? மகள் எழுதியது இருபத்துநான்கு. அம்மா அதைச் சிவப்பு மையால் அடித்து, நூற்றிருபது என்று எழுதி, 'கவனம் தேவை' என்று உபதேசமும் செய்திருந்தாள்.

"நூத்திருபதுதானே சரி?" குரலில் பாதி தைரியம்தான் இருந்தது.

மகள், அதிகாலையில் பஸ் ஓட்டப் போய்வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்தாள். மூவரும் வட்டமான சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இப்ப எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உக்காருங்க. அம்மா, உனக்கு வலது பக்கம் யாரு?"

"நீ."

"முன்னாடி?"

"அப்பவும் நீதான்."

"இடது பக்கம்?"

"ரெண்டு தடவையும் அப்பா."

"அப்ப என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல. என் தூக்கம் போனதுதான் மிச்சம்" என்றார் அப்பா.

"அஞ்சு பேர்னா ஒரே வரிசைய அஞ்சு தடவை எண்ணிருக்கம்மா. நூத்திருபதை அஞ்சால வகுத்துக்கோ."

அம்மா வகுத்தாள். முகம் சூடாகிவிட்டது.

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"ரெண்டு வருஷமாவே தெரியும்." மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ சொல்லித்தர்ற கணக்குல நிறைய தப்பு வரும். நான் லைப்ரரி புக்கப் பாத்து சரி பண்ணிப்பேன்."

"அப்புறம் ஏன்டி வாயத் திறக்கல?"

"சொன்னா வேற டீச்சர் வச்சுடுவ. நாள் பூரா வேலை வேலைன்னு ஓடுற நீ, கணக்கு நடத்துற அந்த ஒரு மணி நேரந்தான் என் பக்கத்துல உக்காருவ."

அம்மா வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து அழுதாள். மணி நாலே முக்கால் ஆகிறது என்று அப்பா ஞாபகப்படுத்தினார்.

அம்மா இணையதளத்தில் எண்பத்தெட்டை அழித்து நூறு என்று போட்டாள். அடுத்த கட்டம், திருத்தத்துக்கான காரணம் கேட்டது. பதினெட்டுப் பக்கம் எழுதிய கை சும்மா இருக்குமா? 'எமது பள்ளியின் மதிப்பீட்டுக் குழு தீர ஆராய்ந்து' என்று ஆரம்பித்தாள். மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அத்தனையையும் அழித்தாள்.

'மாணவியின் விடை சரி. ஆசிரியைக்குத்தான் கணக்கு தெரியவில்லை. மாணவிக்கு இது இரண்டு வருடமாகத் தெரியும். ஆசிரியை மனம் நோகும் என்று சொல்லவில்லை' என்று எழுதினாள். கடைசி வரி முழு உண்மை இல்லை. முழு உண்மையை அவளால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியவில்லை.