எதிர்ப்பக்கத்து ஸ்டியரிங்

கப்பலில் வந்த கார் வாசலில் நின்றது. அதை வரவழைத்தவர் மாடியை விட்டு இறங்கவில்லை.

"மாமா, எட்டியாவது பாருங்க. பச்சைக் கலர்ல அப்படியே ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கு," என்று கீழிருந்து குரல் கொடுத்தான் அவர் மனைவியின் தம்பி.

"பார்த்து என்ன பண்ணப் போறேன்? எனக்கும் சேர்த்து நீயே பாரு."

அவள் கார்க் கண்ணாடியைத் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. கறை எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

இந்தக் காருக்காக அவர் தலைகீழாக நின்றது அவளுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க கூரியர் வேன் ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் போனில் உட்கார்ந்துவிடுவார். வெளிநாட்டில் மட்டும் விற்கிற சின்னக் கார். அதை முறைப்படி இறக்குமதி செய்து தினமும் ஓட்ட என்னவெல்லாம் வேண்டும்? எவ்வளவு பழைய காரை விடுவார்கள், புகை எவ்வளவு இருக்கலாம், எந்த விளக்கை மாற்ற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "குறுக்கு வழியே வேண்டாம். நாளைக்கு எவனும் நடு ரோட்டுல நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது," என்பார்.

கார் கடலில் வந்துகொண்டிருந்தபோது, சரக்கு ஏற்றும் இடத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. சில வாரத்தில் மறுபடியும் வந்தது. வலிப்பே இல்லாமல் ஒரு வருடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

வீட்டிலிருந்த பழைய காரை அவள் ஓட்டத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்த அவர், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்வலியை வாங்கிக்கொண்டார். அவர் மிதிக்க மிதிக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்சீட்டுக்குப் போனார். பிறகு காரில் ஏறுவதையே விட்டார். பிறகு வெளியே போவதையும்.

தம்பி ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தான். பேக்கரிக்காரர். காரில் கடைப் பெயரை எழுதி, கடை வாசலில் அழகுக்கு நிறுத்தப் போகிறாராம்.

"வண்டிச் சோதனை முடிஞ்சு நம்பர் கிடைச்சதும் எடுத்துக்கறாராம், மாமா. அக்காவுக்குப் பழைய கார் போதும்ல?"

"குடுத்துடு," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கார் போனால் அதோடு சேர்ந்து வேறு ஏதோ போய்விடும் என்று பயந்தாள். ஆனால் சபையில் பேசிப் பழகியவள் இல்லை அவள். வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தாலே அது அவளுக்குச் சபை.

சோதனை நிலையத்துக்கு உரிமையாளர் நேரில் வந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் அவர் அன்று காலை இறங்கி வந்தார். பின்சீட்டைப் பார்த்தார். கழற்றிய முகப்பு விளக்குகளும் அட்டைப் பெட்டிகளும் அதை அடைத்துக்கொண்டிருந்தன.

"உன் தம்பி வேலையா?"

"நான்தான் வெச்சேன். கேட்டா காட்டணும்ல," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருவரும் பழக்க தோஷத்தில் ஆளுக்கொரு கதவைத் திறந்தார்கள். அவர் சாலையின் நடுப்பக்கம் இருந்த கதவை. ஓட்டுநராகக் காலமெல்லாம் அவர் திறந்த பக்கம் அது. அவள் நடைபாதைப் பக்கத்துக் கதவை. அவர் ஓட்ட, அவள் உட்கார்ந்து வந்த பக்கம். உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஸ்டியரிங் அவள் முன்னால் இருந்தது. தெரிந்த விஷயம்தான். தெருவுக்குள் அவளே ஓட்டிப் பார்த்த கார்தான். ஆனாலும் ஒரு நொடி இருவரும் அசையவில்லை. அவருடைய கைகள் காற்றில் எதையோ பிடிக்கப் போய், மடியில் இறங்கின.

சாவியைத் திருப்பியதும் காருக்குள்ளிருந்த ஒரு பெண் குரல் அந்நிய மொழியில் நீளமாக என்னவோ சொன்னது.

"சரிங்க தாயே," என்றார் அவர்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இண்டிகேட்டரைத் தட்டினாள். வைப்பர் எழுந்து ஆடியது.

"மழை எங்கடி?"

"எல்லாம் பக்கம் மாறி இருக்குங்க!"

அடுத்த திருப்பத்திலும் மழை பெய்தது.

ஊரைத் தாண்டியதும் கான்கிரீட் கலவை லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. ஊர்ந்து போனது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து லாரியின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. பின்னால் ஹார்ன் கூச்சல். சோதனைக்குக் கொடுத்த நேரம் தவறினால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ.

"இப்படியே பின்னாடியே போயிடறேங்க."

அவர் கண்ணாடியை இறக்கித் தலையைச் சாய்த்தார். அவர் பக்கத்திலிருந்து சாலை நீளத்துக்கும் தெரிந்தது.

"இரு. ஒரு பஸ் வருது."

பஸ் போனது.

"ஒரு பைக். அவனும் போகட்டும்... இப்போ காலி. போ."

"நிஜமாவா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"எனக்குத் தெரியுது. மிதி!"

அவள் மிதித்தாள். பார்க்காத சாலையில், அவர் சொன்னதை மட்டும் நம்பி. லாரி பின்னால் போனது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவருடைய கால் நீட்டியபடி சும்மா கிடந்தது.

சோதனை நிலைய வாசலில் சீட்டு தரும் இயந்திரமும் அவர் பக்கம்தான் இருந்தது. அவர் கையை நீட்டிச் சீட்டை உருவினார். தடுப்புக் கம்பி மேலே போனது.

உள்ளே, புதிய விளக்குகளின் ஒளி எதிரே இருந்த பலகையில் சரியான பக்கம் விழுந்தது. "இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுவாங்க," என்று சோதனை செய்த பெண் தலையாட்டினாள். "எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கிற விளக்கோடயே வந்து நிப்பாங்க. யாருங்க மாத்துனது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லி மாத்த வெச்சேன்."

"தினமும் யார் ஓட்டுவீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள், யாரும் எதிர்பார்க்காமல், அவள் சொன்னாள்: "ரெண்டு பேரும்."

"ரெண்டு பேருமா? ஸ்டியரிங் ஒண்ணுதானே இருக்கு?"

அவள் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் தம்பி போன் செய்தான். அவர்தான் எடுத்தார்.

"பாஸாயிடுச்சா மாமா? பேக்கரிக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அவரை வேற ரொட்டிப் பெட்டி பார்க்கச் சொல்லு."

"என்ன மாமா, திடீர்னு? நீங்கதான் ஓட்ட முடியாதே!"

"ஆஸ்பத்திரி வாசல்லயும் பார்க்கிங் சீட்டு எடுக்கணும்டா. உங்க அக்கா கை அவ்வளவு நீளமா? காலையில நான் கூடப் போயிட்டு பஸ்ல திரும்பிக்கறேன்."

வீட்டுத் தெரு வந்ததும் அவள் இண்டிகேட்டரைத் தட்டினாள்.

"மறுபடியும் மழை," என்றார் அவர்.