ம்கோய் போதாத இடம்

ஷெப்பர்ட் வீதிச் சீன உணவகமொன்றில் கோப்பை கழுவிய மிதுனன், தான் அங்கே மேசைகளுக்குப் பரிமாறுவதாகத் தன்னோடு படிக்கும் மயூரியிடம் அளந்துவிட்டிருந்தான். அவள் நம்பியும் விட்டாள். அதுதான் சிக்கல். வரும் ஞாயிறு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வருகிறாளாம்.

அதற்குள் சமையலறையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். முதலாளி லாம் அன்ரியின் நிபந்தனை ஒன்றுதான்: கன்டோனீஸில் மரியாதையாக நாலு சொல்லுப் பேசினால் பரிமாறுபவரின் சிவப்புக் கோட்.

"நாலு என்னத்துக்கு? ம்கோய் ஒண்டே காணும். வழி கேக்க ம்கோய், சோஸ் கேக்க ம்கோய், தந்தாப் பிறகும் ம்கோய். முழுச் சீனமும் அதுக்குள்ள அடங்கீட்டுது," என்றான் மிதுனன்.

"ஓம், பேராசிரியர்," என்றான் பக்கத்துத் தொட்டியில் சட்டி உரஞ்சிய திலக்சன். "முதல் உந்தக் காதில கிடக்கிற நுரையைத் துடை."

வியாழன் சீனப் புதுவருடம். லாம் அன்ரி சிவப்பு உறையில் கைவிசேடம் நீட்டினார். வெளிநாட்டு மாமா காசு நீட்டினால் செய்வதையே மிதுனன் செய்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம் அன்ரி, வேண்டாம்" என்று இழுத்தடித்து, கடைசியில் பெரிய மனதோடு வாங்கி, "ம்கோய்" என்றான்.

சமையலறையே சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை.

"கதவு திறந்துவிட்டால் ம்கோய். பரிசு தந்தால் தோச்சே. நான் என்ன, உப்பா எடுத்துத் தந்தேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மிதுனன் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நன்றி என்பது ஊர்ச்சங்கக் கூட்டம் முடிய, சனம் கதிரை இழுக்கும் சத்தத்துக்குள் செயலாளர் மைக்கில் சொல்வது. இங்கே இரண்டு நன்றி.

பழகினான். திலக்சன் சவர்க்காரம் எட்டிக் கொடுத்தால் "ம்கோய்". தன் பணிஸில் பாதி பிய்த்துக் கொடுத்தால் "தோச்சே".

"விசரடா உனக்கு."

ஞாயிறு. மயூரி வீட்டுக் கார் வாசலில் நின்றது. அவன் பழகியதையெல்லாம் கேட்டிருந்த லாம் அன்ரி சிவப்புக் கோட்டை நீட்டினார். மிதுனனின் வாய் 'தோ' வரை போய் நின்றது.

"அன்ரி, இதைத் திருப்பித் தர வேணுமோ?"

"பின்னே? தோய்த்து, மினுக்கி!"

"ம்கோய்."

அன்ரி அப்போதுதான் சிரித்தார். "ஜன்னலோர மேசை. போ."

மிதுனன் கதவைத் தள்ளினான்.

"டேய், காதில நுரை!" என்று பின்னால் திலக்சன் கத்தினான்.

"ம்கோய்," என்றான் மிதுனன், துடைத்துக்கொண்டே.