ராணி குன்றின் சருகு

எங்கள் குன்று முன்பு யுன் பண்ணையாருடையது. உதிர்ந்த பைன் சருகை அள்ளினாலே அவருடைய ஆட்கள் முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள். அப்படியும் என் வீட்டுக்காரர் தொக்சம் பதுங்கிப் போய்க் கூடை நிறையத் திருடி வருவார். குளிர்காலத்தில் அதைத் தரைக்கு அடியில் எரித்துத்தான் வீட்டைச் சூடாக்குவோம்.

பட்டத்து ராணி இறந்ததும், கல்லறைக்கு ஏற்ற இடமென்று அரசர் குன்றை எடுத்துக்கொண்டார். பண்ணையார் அங்கே புதைத்திருந்த தன் முன்னோர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போனார். ஊர்க்காரர்கள் எங்களை முறைபோட்டுக் கல்லறைக் காவலுக்கு வைத்தார்கள். அதனால் கோட்டைச்சுவருக்குக் கல் சுமக்கும் கட்டாய வேலை எங்களுக்கு ஒழிந்தது. மரத்தைத் தொட்டால் தலை போகும். ஆனால் சருகு ஒன்றுகூடக் கிடக்காமல் தினமும் கூட்ட வேண்டும்.

"கூட்டுனத எங்கய்யா கொட்டுறது?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"உன் வீட்டுக்கே அள்ளிட்டுப் போயேன்!" என்று எரிந்து விழுந்தார்.

இந்தக் குளிரில் எங்கள் தரை கதகதவென்று இருக்கிறது. தொக்சம் முகம்தான் தொங்கிப்போயிருக்கிறது.

"தினம் கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடியுதுடி."

"திருடுறப்ப மட்டும் ஒடியலையாக்கும்?"

"அதுல ஒரு ருசி இருந்துச்சு."

மறுநாள் காலையில் பார்க்கிறேன், மனுஷர் கூடையை மறைத்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிக் குன்றேறுகிறார். யாருக்குப் பயந்தோ! அன்றைய காவலே அவர்தான்.