ஏழு குடுக்கைத் தண்ணீர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. கென்கே விற்கிற ஒருத்தி மிரட்டி எழுத வைத்தது.

அவள் பெயர் ஆபா மென்சிமா. வயது ஐம்பத்து நான்கு. அக்ராவுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கிற அபாம் ஊரில் லாரிகள் வந்து நிற்கிற திடலுக்கு நேரெதிரே அடுப்பு வைத்திருக்கிறாள். நான் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, பெயர் எக்குவா. பத்திரிகையில் என் கதை ஒன்று அச்சான வாரம், மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போலக் கென்கே வாங்கப் போனேன். ஆபா அத்தை சோளமாவு உருண்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ கதை எழுதுறியாமே?"

"ஏதோ, அத்தை."

"அதுல இல்லாததை எல்லாம் எழுதலாமாமே?"

"எழுதலாம்."

"அப்ப என் கோபினாவை…" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டுத் திடலைப் பார்த்தாள். லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஆறு பேரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். எந்த லாரி வந்தாலும் அவள் அப்படித்தான். "என் கோபினாவை லாரியிலேர்ந்து இறக்கி விடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்கு மிளகாய் விழுது கிடையாது."

ஆபா அத்தையின் மிளகாய் விழுது இல்லாத மதியத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: "1939ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது." (அடித்துவிட்டேன். அங்கே போர் மூண்டதால் அபாமில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. அதற்கு மேல் முதலில் ஒன்றும் இல்லை.)

இரண்டாவது: "உலகம் முழுவதும் பற்றி எரிந்த அந்தக் காலைப்பொழுதில்…" (உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் எப்படிக் காலையாகும்? பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்துகிறவளே நான்தான். வெட்கக்கேடு.)

மூன்றாவது: "கோபினா எசுமான் பர்மாவில், காலடான் ஆற்றங்கரையில், ஒரு செவ்வாய்க்கிழமை—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. மை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. பொறுங்கள், சொல்கிறேன்.

3.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மேசைக்கு முன்னால் அபாமிலிருந்து போன இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள் என்று தொடங்கினால் கதை தானாக நடக்கிறது. முன்னால் நின்றவர் தையற்காரர், கோபினா அமிசா. பின்னால் நின்றவர் மீன்பிடிக்கிறவர், கோபினா எசுமான், ஆபாவின் புருஷன்.

"பேரு?" என்றார் எழுத்தர்.

"கோபினா." எங்கள் பக்கத்தில் பிறந்த கிழமைதான் பெயர். செவ்வாய்க்கிழமை பிறந்தவர் வேறு என்ன பெயர் சொல்வார்?

"ஊரு?"

"அபாம்."

எழுத்தர் "கோபினா அபாம்" என்று எழுதி, ஓர் எண்ணைப் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரும் அதையே சொன்னார். எழுத்தர் நிமிர்ந்தார்.

"நீயுமா?"

"நானுந்தான் ஐயா. எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமைக்குப் பஞ்சமே இல்ல."

ஆக இரண்டு கோபினா அபாம்கள் கப்பல் ஏறினார்கள். குடும்பப் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவர்களும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். கதை முழுக்க அந்தக் குணத்தால்தான் கெட்டது.

[அடிக்குறிப்பு: மெட்ராஸ் பக்கத்து முகாமிலிருந்து தையற்காரர் ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்தார். அதற்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று எழுதிவிட்டேன்.]

4.

1944இல் காகிதம் வந்தது. ஊர்த் தலைவருக்குப் பதிலாக ஊரிடம் பேசுகிற பேச்சாளர் நடுத்தெருவில் நின்று அதைப் படித்தார். கோபினா அபாமைக் காணவில்லை, இறந்திருக்கக்கூடும்.

ஆபாவும் இருந்தாள், தையற்காரரின் பெண்டாட்டி எஸியும் இருந்தாள்.

"உன்னோடதுதான்," என்றாள் ஆபா.

"வாயைக் கழுவுடி. உன்னோடது," என்றாள் எஸி.

பேச்சாளர் குறுக்கிட்டார். "இரும்மா, இதுல நம்பர் போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரன் நம்பர் என்ன?"

"புருஷனுக்கு எதுக்கு ஐயா நம்பர்? ஆட்டுக்கே நாங்க போடறதில்ல," என்றாள் எஸி. எண் எழுதிய சீட்டை இரண்டு மகராசன்களும் பத்திரமாகத் தங்கள் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

இப்போது என்ன செய்வது? இருவருமே "என்னுடையவர் இல்லை" என்று சொல்லிவிட்டால், செத்தவன் அழ ஆளில்லாமல் பசியோடு அலைவான். அது ஊருக்கே கேடு. பெரியவர்கள் கூடிப் பேசி, யாருக்கும் பிடிக்காத ஒரு தீர்ப்பைச் சொன்னார்கள். இரண்டு பேரும் துக்கம் காக்க வேண்டும். ஒரு சாவுக்கு இரண்டு விதவைகள். இரண்டு தலையும் மழிக்கப்பட்டன. இருவரும் கறுப்புத் துணி கட்டி, ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

"நான் உன் புருஷனுக்காகத்தான் அழறேன், ஞாபகம் வச்சுக்கோ," என்று மூக்கைச் சிந்தினாள் ஆபா.

"நானும் உன் புருஷனுக்காகத்தாண்டி அழறேன். கொஞ்சம் நகர்ந்து உட்காரு, முழங்கால் இடிக்குது."

"செத்தது எவனோ, பாயில பாதி எனக்கு."

ஒரு வருஷம் இப்படியே போனது. ஒரே பாயில் ஒரு வருஷம் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்? "நட்பு" என்று எழுதியிருந்தேன். எஸி படித்துப் பார்த்து, அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். எஸி என் அம்மா. அடிக்காமல் இருக்க முடியுமா?

ஆமாம். தையற்காரர்தான் என் அப்பா. யார் திரும்பி வந்தார் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற வித்தை எனக்கு வராது.

5.

ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், மிளகாய் விழுதையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தை கேட்டபடியே எழுதி, அடுப்படிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

"1946, ஜூன் மாதம். முகப்பில் 'கடல் வற்றாது' என்று எழுதிய லாரி புழுதியோடு வந்து நின்றது. கோபினா எசுமான் குதித்தார்."

"குதிச்சானா? அவனுக்கு இடது முழங்கால் ஆகாது. தோணியிலேர்ந்தே மெதுவாத்தான் இறங்குவான்."

"மெதுவாக இறங்கினார்."

"தொப்பி?"

"போட்டிருக்காரு, அத்தை."

"எடுக்கச் சொல்லு. அவன் நெத்தி அழகா இருக்கும்."

தொப்பியை எடுத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பேனாவை மூடினேன்.

"அத்தை, இவரு இறங்கினா, காணாமப் போனது எங்கப்பான்னு ஆயிடும். 47ல நான் பொறக்க மாட்டேன். கதை எழுத ஆளே இருக்காது."

ஆபா அத்தை யோசித்தாள். "கென்கே வாங்குறதுல ஒண்ணு குறையும்," என்றாள். பிறகு மனம் இரங்கி, "சரி, ரெண்டு பேரையும் இறக்கு," என்றாள்.

"காகிதம் வந்திருக்கே?"

"காகிதம் தப்புன்னு எழுதேன். இல்லாததை எழுதலாம்னியே, அதுக்குள்ள மறந்து போச்சா?"

இரண்டு பேரையும் இறக்கினேன். அதுவும் நிலைக்கவில்லை. போர் முடிந்தது என்று வானொலிதான் சொன்னது. போய்வந்தவர்களுக்கு அது முடியவில்லை. 1948 பிப்ரவரியில் அக்ராவில் பழைய சிப்பாய்கள் மனுவை எடுத்துக்கொண்டு ஆளுநரின் கோட்டையை நோக்கி நடந்தார்கள். வழியில் துப்பாக்கி வெடித்தது. மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. நகரம் நாள்கணக்கில் எரிந்தது. என் அப்பா அந்த ஊர்வலத்தின் வாலில் நடந்தவர், அதனால் ஒரு செருப்பை மட்டும் தொலைத்துவிட்டு வீடு வந்தார். கோபினா எசுமான் எங்கேயாவது வாலில் நிற்கிற ஆளா? ஊரே சொல்கிறது, இல்லை என்று. நான் அவரை லாரியிலிருந்து இறக்கினால் அவர் நேரே போய் முன்வரிசையில் நிற்பார். என் பேனாவுக்கு அடங்குகிற மனுஷனாகத் தெரியவில்லை.

இதைப் பக்குவமாக அத்தையிடம் சொன்னேன். திடலில் லாரி ஒன்று வந்தது. அவள் பார்த்தாள், பார்த்து முடித்தாள், அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"46 ஜூன்லேர்ந்து 48 பிப்ரவரி வரைக்கும் எத்தனை மாசம், வாத்தியாரம்மா?"

"இருபது."

"போதும்டி. முழு ஆயுசா கேட்டேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் எழுதவில்லை.

6.

(இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.)

நடந்தது இதுதான். லாரி நின்றது. என் அப்பா இறங்கினார், ஒரு பெட்டி, ஒரு செம்பு. அம்மா கையை விரித்துக்கொண்டு ஓடினாள். அப்பா அவளைத் தாண்டி நடந்து போனார். அம்மா அதற்காக அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. "அத்தனை பேர் பாக்க, நான் என்ன வேலிக்கம்பா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

அவர் நேரே ஆபாவின் வாசலுக்குப் போனார். சாவுச் சேதியைச் சுமந்து வருகிறவன் அதை இறக்கி வைக்காமல் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைத்தார். ஆபா இருபது அடி தூரத்திலேயே நடையைப் பார்த்து, இது தன்னுடையவர் இல்லை என்று கண்டுகொண்டாள். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே! வந்தவருக்கு முதலில் உட்கார இடம், பிறகு தண்ணீர். குடித்து முடித்தபிறகு வீட்டுக்காரி "என்ன சேதி?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

அவள் முக்காலி போட்டாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா குடித்தார். குடுக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்?" என்றாள் ஆபா.

கொடுத்ததை மறுப்பது மரியாதையா? குடித்தார்.

"தூரத்துலேர்ந்து வர்றீங்க. இன்னொண்ணு."

ஊரே வாசலில் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, நகரவுமில்லை. ஏழு குடுக்கை என்பாள் அம்மா. ஐந்து என்பார் அப்பா. குடித்தவர் அவர்தான், ஆனாலும் எண்ணியவள் அம்மா. கடைசிக் குடுக்கையில் அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்ததாம். அப்போது ஆபா குனிந்து அந்தப் பொத்தானை எடுத்து அவர் கையில் வைத்து, "போய் ஓய்வெடுங்க. எஸி காத்திருக்கா. இன்னும் லாரி வரும்," என்றாள்.

கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் லாரித் திடலுக்கு எதிரே அடுப்பைப் போட்டாள். அப்பா இருபத்தாறு வருஷம் அதே ஊரில் துணி தைத்தார், அவளுக்கும் தைத்தார். அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், படுக்கையில் விழுந்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டு, காலடான் ஆற்றங்கரையில் நடந்ததைச் சொல்லிவிட்டார். ஒரே வாக்கியம். "அவ கேட்டா சொல்லு. கேக்காம சொல்லாதே."

அதனால்தான் அந்த வாக்கியம் இரண்டாம் பகுதியில் பாதியில் நிற்கிறது. அதை முடித்துவிட்டால், முப்பது வருஷமாக அவள் கேட்காமல் வைத்திருக்கிற பதிலை நான் அச்சில் ஏற்றி அவள் அடுப்படியில் வீசியது போல ஆகும். இலக்கியத்துக்காக அப்படிச் செய்யலாம் என்கிறவர்கள் வேறு யாரிடமாவது கென்கே வாங்கிக்கொள்ளட்டும்.

7.

நேற்று மதியம் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் பகுதியின் அரை வாக்கியத்தையும் ஆறாம் பகுதியையும் விட்டுவிட்டு, முதலிலிருந்து படித்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பஞ்சமே இல்லை என்ற இடத்தில் சிரித்தாள். பாய்ச் சண்டையைப் படித்தபோது, "உங்கம்மாதான் முழங்காலை நீட்டினா, அதை எழுது," என்றாள். எழுதிக்கொள்கிறேன் என்றேன். பிறகு என்னையறியாமல் பக்கத்தைப் பின்னால் புரட்டி, அந்த அரை வாக்கியத்தைப் படித்துவிட்டேன்.

"'ஒரு செவ்வாய்க்கிழமை'ன்னு ஏன் நிறுத்திட்டே?"

"மை தீர்ந்து போச்சு, அத்தை."

"பொய் சொன்னா நாக்கு வேகும்."

அவள் எழுந்தாள். மாவுக் கையைத் துடைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அவள் தண்ணீர் கொடுத்ததே இல்லை, தாகம் என்றால் பானையைக் கைகாட்டி, "கை இல்லையா உனக்கு?" என்பாள். நேற்று முக்காலியை என் பக்கம் நகர்த்தினாள். உள்ளே போய்ச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உட்காரு. குடி."

வாங்கிக் குடிக்கத் தொடங்கினேன். திடலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்பலகை விழுகிற சத்தம் கேட்டது, ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது.

ஆபா அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே கதை முடிய வேண்டும். எனக்கு முடிக்கத் தெரியவில்லை, தெரிந்தாலும் மாட்டேன். நீங்கள் அந்தப் பக்கம் வந்தால், என் கையிலிருந்து குடுக்கையை வாங்கி இன்னொரு முறை நிரப்பிக் கொடுங்கள். அல்லது ஒதுங்கி நில்லுங்கள், அவள் கேட்கட்டும். எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். பேச முடியாது, குடுக்கை வாயில் இருக்கிறது.

தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. நான் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.