செபமாலையில் இங்கிலீஷ்

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் விஞ்ஞானத்தை இங்கிலீஷில் நடத்து என்று உத்தரவு வந்துவிட்டது. காரைக்காலில் பன்னிரண்டு வருஷம் பிரெஞ்சில் நடத்தியவன் நான். மெட்ராஸ் அதிகாரி முன்னால் பத்துச் சொல்லில் ஆறைச் சரியாக உச்சரித்தால் வாத்தியார், இல்லாவிட்டால் குமாஸ்தா.

பிரெஞ்சில் எத்தனை நீளமான சொல்லானாலும் கடைசி அசையை அழுத்தினால் போதும். இங்கிலீஷில் அழுத்தம் எங்கே போய் உட்காரும் என்று இங்கிலீஷுக்கே தெரியாது. உடன் வேலை பார்த்த தியாகராசன் சொற்களை அசை அசையாக வெட்டி எழுதித் தந்தார். நான் செபமாலையை எடுத்துக்கொண்டேன். அசைக்கு ஒரு மணி. அழுத்தும் இடத்தில் கட்டைவிரல் நகம். ஒளிச்சேர்க்கைக்குப் போ, டோ, சின், த, சிஸ்: மூன்றாம் மணி. தெர், மா, மி, டர்: இரண்டாம் மணி.

எங்கள் மகள் அந்தோணிமேரி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் அது. ஆறு வயது.

என் மனைவி சலோமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாப்பாவுக்காகத்தானே செபம் சொல்றீங்க? சொல்லுங்க. எனக்குத்தான் வாயே வரமாட்டேங்குது."

இல்லை என்று நான் சொல்லவில்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

பரீட்சையன்று சட்டைப்பைக்குள் மணிகளை உருட்டியபடி நின்றேன். ஒன்பது சொல் முடிந்தபோது ஐந்துதான் தேறியிருந்தது. அதிகாரி கடைசிச் சீட்டை நீட்டினார்.

டிப்தீரியா.

தியாகராசன் தந்த பட்டியலில் அது இல்லை. பையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னேன். இரண்டாம் அசையில் அழுத்தம், பிசகே இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் புது டாக்டர் பாப்பாவின் நோய்க்கு இங்கிலீஷில் பெயர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்றாம் முறை முடிவதற்குள் உள்ளே சலோமி அலறினாள்.

"பேஷ். யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார் அதிகாரி.

"இங்க ஒரு டாக்டர் சார்."

வேலை நிலைத்தது என்று வீட்டில் சொன்னதும் சலோமி அழுதாள். "பாப்பாதாங்க மேலேருந்து கேட்டு வாங்கிக் குடுத்திருக்கு."

"ஆமா. அவதான் குடுத்தா," என்றேன். என்ன சொல் என்று சொல்லவில்லை.

"மாலையைக் குடுங்க. இன்னிக்கு நானும் சொல்றேன்."

கொடுத்தேன். முதல் மணியைப் பிடித்துக்கொண்டு மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். என் வாயில் அந்த ஒரு சொல்தான், அசை அசையாக, நின்றது.